பையைக் காலி செய்வது அவசியமே!

(பட்டிமன்றத் தலைப்பு: 'நடுத்தரக் குடும்பத்தின் பையைக் காலி செய்வது ஆசையா? அவசியமா?' – 'அவசியமே' என்ற அணியின் தலைவர் ஆற்றிய நிறைவுரை)

     

நடுவர் ஐயா, எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் ஆசையைத் திட்டினார்கள். ஆசையைத் திட்டுவது ரொம்ப சுலபம். புத்தர் காலத்திலிருந்து திட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆசை இதுவரைக்கும் யார்மேலும் வழக்குப் போட்டதில்லை. (சிரிப்பு) அவசியத்தைத் திட்டிப் பாருங்கள்! வாடகையைத் திட்டினால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். பள்ளிக்கூடக் கட்டணத்தைத் திட்டினால் பையனை வெளியே நிறுத்துவார்கள். எதிரணியினர் விவரமானவர்கள். அடிச்சா திருப்பி அடிக்காத ஆளாப் பார்த்து அடிக்கிறாங்க! (கைதட்டல்)

முதலில் பேசிய தம்பி ஒரு பையனைக் கொண்டுவந்து நம் முன்னால் நிறுத்தினார். கல்லூரியில் படிக்கிற பையன். 'அப்பா, கேம் விளையாடுற மாதிரி நல்ல கம்ப்யூட்டர் வேணும், ஒரு லட்ச ரூபாய் ஆகும்' என்று கேட்கிறான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். 'பாருங்கள், ஆசை ஒரு குடும்பத்தையே சாய்த்துவிட்டது' என்று முடித்தார் தம்பி. நீங்களும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழ் வாத்தியாருக்குக் கணக்கு வருமா என்று கேட்காதீர்கள். ஒண்ணாம் தேதி வாங்கின சம்பளத்தை முப்பதாம் தேதி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறவனுக்குக் கணக்கு வராமல் வேறு என்ன வரும்? (சிரிப்பு)

ஒரு லட்ச ரூபாய்க் கம்ப்யூட்டர். ஐந்து வருஷம் உழைக்கும் என்று வையுங்கள். வருஷத்துக்கு 20,000 ரூபாய். ஒரு நாளைக்கு 55 ரூபாய். கரண்ட்டையும் சேர்த்துக்கொள்வோம். கணக்கு என்று வந்துவிட்டால் நாணயம் வேண்டும் இல்லையா? விளையாடுகிற நேரத்தில் அந்த இயந்திரம் 400 வாட் இழுக்கும் என்று வைப்போம். தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் 1.2 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் போட்டால் ஏழு ரூபாய் சில்லறை. ஆக, அந்தப் பையனுடைய ஆசை ஒரு நாளைக்கு 62 ரூபாய்.

இப்போது அப்பாவுக்கு வருவோம். தம்பி அவரை நெஞ்சைப் பிடிக்க வைத்தாரே தவிர, அவர் எங்கே வேலை பார்க்கிறார், எப்படிப் போய் வருகிறார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கூடுவாஞ்சேரியில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. சென்னையில் இப்படி எத்தனையோ ஆயிரம் அப்பாக்கள் இருக்கிறார்கள். போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர். பைக்கில்தான் போகிறார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்றே வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய். ஒரு நாளைக்கு 120 ரூபாய். மாசத்தில் 25 நாள் வேலை என்றால் 3,000 ரூபாய். வருஷத்துக்கு 36,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு? 1,80,000 ரூபாய்! ஆயில் மாற்றினது, டயர் மாற்றினது, இன்சூரன்ஸ் கட்டினது எதையும் நான் சேர்க்கவில்லை. வண்டி வாங்கின விலையையே சேர்க்கவில்லை. (கைதட்டல்)

மகனுடைய ஆசை 62 ரூபாய். அப்பாவுடைய அவசியம் 120 ரூபாய். ஆனால் வீட்டில் எதற்குச் சண்டை வருகிறது? கம்ப்யூட்டருக்குத்தான். அந்த ஒரு லட்சத்தை அப்பா ஐந்து வருஷமும் சொல்லிக் காட்டுவார். மார்க் குறைந்தால் கம்ப்யூட்டர். தலைவலி வந்தால் கம்ப்யூட்டர். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் காபி கொடுப்பதற்கு முன்னாலேயே, 'ஒரு லட்சம் போட்டு வாங்கிக் கொடுத்திருக்கேன்' என்பார். பெட்ரோலுக்குப் போன 1,80,000 ரூபாயை யாராவது சொல்லிக் காட்டியதுண்டா? இல்லை. ஏன்? ஆசைக்குப் போகிற பணம் மொத்தமாகப் போகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. அவசியத்துக்குப் போகிற பணம் சில்லறையாகப் போகிறது, தெரிவதில்லை. வெள்ளம் வந்தால் ஊரே கூடும். பானையில் விரிசல் விட்டால் யாருக்குத் தெரியும்? தண்ணீர் காலியான பிறகுதான் தெரியும்.

இன்னொரு வேறுபாட்டையும் பாருங்கள். ஆசை காத்திருக்கும்; அவசியம் காத்திருக்காது. இந்தக் கேம் விளையாடுகிற பிள்ளைகளைக் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். அவர்களை மாதிரி சிக்கனக்காரர்கள் கிடையாது. 2021-ஆம் வருஷம் கிராபிக்ஸ் கார்டு விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஒரு பக்கம் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. இன்னொரு பக்கம் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள். நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? காத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயக்காரர்கள் தங்கள் முறையை மாற்றினார்கள். அந்த வேலைக்குக் கார்டு தேவையில்லை என்று ஆனது. அதற்குப் பிறகுதான் வாங்கினான் பையன். அதுவும் ரிச்சி தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கி, பழைய கார்டு கிடைக்குமா என்று விசாரித்து, நண்பனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்த்து வாங்கினான். ஒரு கேம் வாங்குவதற்கு, தள்ளுபடி எப்போது வரும் என்று ஆறு மாசம் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆடித் தள்ளுபடிக்கு நம் தாய்மார்கள் காத்திருப்பதுகூட இவ்வளவு பொறுமையாக இருக்காது! (சிரிப்பு)

இதே வேலையை அவசியத்தில் செய்ய முடியுமா? பெட்ரோல் பங்க்கில் போய் வண்டியை நிறுத்தி, 'அண்ணே, கடைசியா சொல்லுங்க, என்ன விலை? பக்கத்து பங்க்ல அம்பது பைசா கம்மியாச் சொன்னாங்க'ன்னு கேட்டுப் பாருங்க! (பலத்த சிரிப்பு) 'விலை அதிகமா இருக்கு, நான் ஆடி மாசம் ஆபீசுக்கு வரேன்'ன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிப் பாருங்க! ஆசைக்கு முன்னால் நாம் வாங்குகிறவர்கள். அவசியத்துக்கு முன்னால் நாம் வெறும் ஆட்கள். கேட்ட காசைக் கொடுத்துவிட்டு நகர வேண்டியதுதான்.

இரண்டாவதாகப் பேசிய சகோதரி ரொம்ப நியாயமாக ஒன்று கேட்டார். 'பைக்கே ஓர் ஆசைதானே? ரயிலில் போகலாமே' என்றார். நல்ல கேள்வி. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. சீசன் டிக்கெட் மலிவு, நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா, ரயில் நிலையம் அவர் வீட்டு வாசலில் இல்லை. தொழிற்சாலை வாசலிலும் இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டர்; வண்டியில் வந்தால் நிறுத்துவதற்குக் காசு. கிண்டியில் இறங்கினால் தொழிற்சாலைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்குக் காசு. முப்பது கிலோமீட்டர் ரயிலுக்குச் சில்லறை; இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு கிலோமீட்டருக்கு நோட்டு! (கைதட்டல்)

மெட்ரோ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2015 ஜூன் மாசம் ஓடத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. கூடுவாஞ்சேரிக்காரர் விமான நிலையம் வந்து சேருவதற்குள் பாதி தூரத்துக்கும் மேல் தாண்டிவிடுவார். சரி, கிண்டியிலேயே குடியிருக்கலாமே? இருக்கலாம். அவர் வாங்குகிற சம்பளத்தை வீட்டுக்காரரிடம் அப்படியே கொடுத்துவிட்டுக் காற்றைக் குடித்துக்கொண்டு இருக்கலாம்! (சிரிப்பு) ஊருக்குள்ளே இருந்தால் வாடகை. ஊருக்கு வெளியே இருந்தால் பெட்ரோல். இரண்டில் ஒன்று கட்டியே தீர வேண்டும். இதில் ஆசை எங்கே ஐயா இருக்கிறது?

இதற்குச் சாட்சி வேண்டுமா? 2021-ல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுத்தார்கள். எத்தனை குடும்பங்களில் அது பேசப்பட்டது! கட்டட வேலைக்குப் போகிற தாய்க்கு, கடையில் நிற்கிற பெண்ணுக்கு, போக வர ஒரு நாளைக்கு 30 ரூபாய் மிஞ்சினாலும் 25 நாளைக்கு 750 ரூபாய். யாரும் அவர்கள் ஆசையைக் குறைக்கவில்லை. 'புடவை வாங்காதே, பூ வாங்காதே' என்று உபதேசம் செய்யவில்லை. அவசியத்தில் ஒரு துண்டை எடுத்தார்கள். பையில் காசு நின்றது. பையைக் காலி செய்துகொண்டிருந்தது எது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் நான் பணத்தைத்தான் பேசினேன். பணம் போனால் சம்பாதிக்கலாம். அவசியம் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போகிறது. காலை நெரிசலில் கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு ஒன்றேகால் மணி நேரம். சாயங்காலம் திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டரை மணி. வருஷத்தில் 300 நாள் வேலை. மொத்தம் 750 மணி நேரம். அதை 24-ஆல் வகுத்துப் பாருங்கள். 31 நாள்! ஒரு முழு மாசம் ஐயா! இரவும் பகலுமாக ஒரு மாசம் அந்த மனிதர் ஜி.எஸ்.டி. சாலையிலேயே குடியிருக்கிறார். நாம் அவருக்கு வருஷத்தில் பன்னிரண்டு மாசம் என்று நினைக்கிறோம். அவருக்குப் பதினொன்றுதான்.

இந்தக் கணக்கு செல்போன் கம்பெனிக்காரர்களுக்கு வேறு மாதிரி. ரீசார்ஜ் செய்தால் 28 நாள். 28 நாளுக்கு ஒரு மாசம் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? பிப்ரவரியைப் பார்த்துப் பழகிவிட்டார்கள் போல! (சிரிப்பு) 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13. வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை காசு கட்ட வேண்டும். ஆக, கம்பெனிக்காரருக்கு வருஷம் பதின்மூணு மாசம். எங்க அப்பனுக்கு வருஷம் பதினோரு மாசம்! (நீண்ட கைதட்டல்)

அந்த ரீசார்ஜும் ஆசை இல்லை. 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றின. யாராவது, 'எனக்கு வேண்டாம்' என்று போனைத் தூக்கிப் போட முடிந்ததா? பேங்கில் பணம் எடுக்க ஓ.டி.பி. கேஸ் சிலிண்டர் வாங்க ஓ.டி.பி. பள்ளிக்கூடத்தில் என்ன வீட்டுப்பாடம் என்று வாட்ஸப்பில் சொல்கிறார்கள். போன் இல்லாவிட்டால் நான் நான்தான் என்று நானே நிரூபிக்க முடியாது! (சிரிப்பு) ஒரு காலத்தில் போன் ஆசையாகத்தான் வந்தது. வாசலில் நின்று பணிவாகக் கதவைத் தட்டியது. உள்ளே விட்டோம். இப்போது அவசியம் என்று பெயரை மாற்றிக்கொண்டு, கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். எங்கள் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார். அவர் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். மனுப் போடுவது, ஹால் டிக்கெட் எடுப்பது, எல்லாம் அதில்தான். நன்றாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்புக்கு மாற்றலாம் என்றால், அதற்கு வேண்டிய பாதுகாப்புச் சிப் இவருடைய பழைய இயந்திரத்தில் இல்லை. ஆள் நன்றாக இருக்கிறார். ஆனால் இவர் இறந்துபோய்விட்டார் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! (சிரிப்பு) அவர் புதுசு வாங்க வேண்டும். ஜனங்களுடைய ஆதார், பேங்க் விவரம் எல்லாம் வந்துபோகிற இயந்திரம். பாதுகாப்பு இல்லாமல் வைத்திருக்க முடியாது. அந்த மனிதர் அதற்கு ஆசைப்பட்டாரா? கனவிலாவது கண்டாரா? விலையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கட்ட வேண்டும். வாங்கப் போன நேரத்தில் ராம் விலை வேறு ஏறி நிற்கிறது.

ராம் விலை ஏன் ஏறியது? இங்கேதான் ஒரு வேடிக்கை. 'விளையாட்டுக்கு வாங்குகிற கார்டு எதற்கும் உதவாது' என்றார் சகோதரி. 2012-ல் கனடாவில், டொராண்டோ பல்கலைக்கழகத்தில், ஜெஃப்ரி ஹிண்டன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, படத்தைப் பார்த்து அது பூனையா நாயா என்று கம்ப்யூட்டர் தானே கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அது ஒரு பெரிய திருப்புமுனை. அவர்கள் எதை வைத்துச் செய்தார்கள் தெரியுமா? கேம் விளையாடுகிற பிள்ளைகளுக்காகக் கடையில் விற்ற இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள்! அந்தப் பேராசிரியருக்கு 2024-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. விளையாட்டுப் பிள்ளையின் ஆசை, உலகத்துக்கு ஒரு விஞ்ஞானத்தைக் கொடுத்தது. (கைதட்டல்)

ஆனால் இன்றைக்கு என்ன நிலைமை? அந்தச் செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற பெரிய பெரிய தரவு மையங்கள் ராமை எல்லாம் வாரிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், 'குரூஷியல்' என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். சின்ன வாடிக்கையாளன் எதற்கு? பிள்ளைகளின் கார்டில் பிறந்த குழந்தை, இன்று அந்தப் பிள்ளைகளின் பால் டம்ளரையே பிடுங்கிக் குடிக்கிறது! நம் ஜெராக்ஸ் கடைக்காரர் விளையாடவும் இல்லை. செயற்கை நுண்ணறிவு கேட்கவும் இல்லை. நடுவில் நின்றுகொண்டு அவர் காசு கட்டுகிறார். இதற்குப் பெயர் ஆசையா? அவசியமா?

எதிரணியினர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினான் என்று அறுபதாயிரம் ரூபாய் போனைத் தவணையில் வாங்கினால் அது ஆசைதான். கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் மூன்றாவதாகப் பேசிய எதிரணித் தலைவர், ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களையும் இந்தக் கேம் விளையாடுகிற பிள்ளைகளையும் ஒரே மூட்டையில் கட்டினார். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணம் வைத்து ஆடுவது விளையாட்டு அல்ல; சூது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டமே இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்தது. காசு கட்டி ஆடுவதற்குத் தடை. மின்விளையாட்டுப் போட்டிக்கு ஊக்கம். தருமன் ஆடினதையும், தெருவில் பிள்ளைகள் கோலி ஆடினதையும் ஒன்று என்று சொன்னால் வியாசர் எழுந்து வந்து கேட்பார்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் கோவலனையும் சாட்சிக்கு அழைத்தார். மாதவிமேல் வைத்த ஆசை அவன் செல்வத்தையெல்லாம் கரைத்துவிட்டது என்றார். உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே! செல்வத்தைக் கரைத்த ஆசை, கோவலனை உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. கண்ணகி கதவைத் திறந்தாள். அதற்குப் பிறகு புகாரிலிருந்து மதுரைக்கு அவ்வளவு தூரம் நடந்தார்களே, அது ஆசையாலா? பிழைப்புக்கு முதல் வேண்டும், அவசியம். சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனானே, அது ஆசையாலா? அவசியம். ஆசைக்குப் போனவன் திரும்பி வந்தான். அவசியத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை ஐயா! (நீண்ட கைதட்டல்)

'அந்த அவசியத்தை உண்டாக்கியதே ஆசைதானே' என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அப்படியானால் கண்ணகி எதற்கு ஆசைப்பட்டாள்? அவள் காலில் இருந்த சிலம்பு ஏன் போனது? ஆசைப்பட்டவன் ஒருவன், அவசியத்துக்குக் கொடுத்தவள் ஒருத்தி. இன்றைக்கும் காலை ஏழு மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கணவன் கிளம்பினால், ராத்திரி அந்த வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணகிகள் எத்தனை பேர்!

நம் இலக்கணம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. பொருள்வயிற் பிரிவு. பொருள் தேடத் தலைவன் தலைவியைப் பிரிந்து போவது. பிரிவென்றால் பாலை; காத்திருத்தல் என்றால் முல்லை; ஊடல் என்றால் மருதம். அந்தக் காலத் தலைவன் ஒரு தடவை பிரிந்தால் கார்காலத்தில் வந்து சேருவான். இந்தக் காலத் தலைவன் தினம் தினம் பிரிகிறான். காலை ஏழு மணிக்குப் பாலை. பகல் முழுக்க முல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் களைத்துப்போய் வந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்தால், ஒன்பதரைக்கு மருதம்! (பலத்த சிரிப்பு) ஐந்து திணையில் மூன்று திணையை ஒரே நாளில் முடித்துவிட்டுத் தூங்கப் போகிறான்.

நிறைவாக ஒன்று சொல்லி முடிக்கிறேன் ஐயா. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். நான் சொன்ன அதே மாதிரி தூரத்து வேலைதான் அப்பாவுக்கு. பையன் தான் சேர்த்த பணம், தாத்தா கொடுத்த பணம் எல்லாம் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டான். ஒரு நாள் ராத்திரி அப்பா வேலை முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வருகிறார். பையன் லாரி ஓட்டுகிற கேம் விளையாடிக்கொண்டிருக்கிறான். யூரோ டிரக் சிமுலேட்டர் என்று ஒன்று. ஐரோப்பா முழுக்க லாரி ஓட்டலாம். அப்பாவுக்குக் கோபம். 'ஏன்டா, நான் நாள் பூரா ரோட்ல ஓட்டி முதுகு ஒடிஞ்சு வரேன். நீ வீட்ல சுகமா உக்காந்துக்கிட்டு அதையேதான் ஓட்டுறியா?' என்றார். (சிரிப்பு) பையன் திரும்பிப் பார்த்துவிட்டு, 'இந்த ரோட்ல குழி இல்லப்பா. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்க மாட்டான். நீ வேணா ஓட்டிப் பாரேன்' என்று நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தான்.

அவர் உட்கார்ந்தார். பையன் பக்கத்தில் நின்று, எதை அழுத்தினால் பிரேக், எதை அழுத்தினால் விளக்கு என்று சொல்லிக் கொடுத்தான். பத்து நிமிஷம் ஓட்டினார். வண்டி ஏதோ ஓர் ஊரில் ஓரமாக நின்றது. பார்த்தால், அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். கை விசைப்பலகைமேலேயே இருக்கிறது. பையன் அவரை எழுப்பவில்லை. சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். இதை எனக்குச் சொன்னது அந்தத் தாய். 'சார், அந்த வாரத்துல அப்பாவும் புள்ளையும் ஒண்ணா இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான் சார்' என்றார்.

நடுவர் அவர்களே! அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்தது எது? எதிரணியினர் திட்டித் தீர்த்தார்களே, அந்த ஆசை. மிச்சமுள்ள நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது எது? ஒருவரும் திட்டாத அவசியம். 'புள்ளை கம்ப்யூட்டரே கதின்னு கிடக்கிறான், அப்பாகிட்டப் பேசுறதில்லை' என்கிறோம். அவன் பேசுவதற்கு அப்பா வீட்டில் இருந்தாரா என்று ஒருநாளும் கேட்பதில்லை. பக்கத்தில் பேச ஆள் இல்லாததால்தான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறோர் ஊர்ப் பையனோடு பேசுகிறான்.

வருகிற வழி சிறிதானாலும், போகிற வழி பெரிதாகாமல் இருந்தால் கேடில்லை என்று வள்ளுவர் சொன்னார். போகிற வழியை நாம் எங்கே தேடுகிறோம்? பிள்ளையின் மேஜைமேல் தேடுகிறோம். அது நம் வீட்டு வாசலில் தொடங்கி, கிண்டி வரைக்கும் நீண்டு கிடக்கிறது ஐயா!

ஆசை பையைத் தொடுகிறது. தொட்டுவிட்டுக் கையில் ஒரு பொருளையாவது கொடுத்துவிட்டுப் போகிறது. அவசியம் பையையும் எடுத்துக்கொண்டு, வருஷத்தில் ஒரு மாசத்தையும் எடுத்துக்கொண்டு, பற்றுச்சீட்டுக்கூடக் கொடுக்காமல் போகிறது. ஆகவே, நடுத்தரக் குடும்பத்தின் பையைக் காலி செய்வது அவசியமே, அவசியமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் ஐயா. இங்கே வந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும்! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)